கத்தி உள்ளே ஆடக் கூடாது

தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்த டேப்போட முனையைக் கொஞ்சம் பிடிங்க. நகத்தால கிள்ளிக் கிள்ளி எடுக்கிறேன், மறுபடியும் ஒட்டிக்கிட்டு எங்க போச்சுன்னே தெரிய மாட்டேங்குது. ஆங், அதுதான். விட்றாதீங்க.

அவசரம் ஒண்ணும் இல்லையே? போஸ்ட் ஆபீஸ்ல நெட் இல்லைன்னு அந்தக் கவுண்டர்ப் பொண்ணு சொல்லிருச்சு. எப்ப வரும்மான்னு கேட்டா, வர்றப்ப வரும்கிது. நமக்கென்ன, தலைக்கு மேல ஃபேன் ஓடுது, உக்கார பெஞ்சு இருக்கு. வீட்டுக்குப் போனா மட்டும் யாரு இருக்கா.

உள்ள என்னன்னு பாக்குறீங்க. பயந்துறாதீங்க. சவரக் கத்தி. மடக்குக் கத்தி, அந்தக் காலத்துச் சலூன்ல வச்சிருப்பாங்கல்ல, அது. கையில குடுக்க மாட்டேன், இந்தா பெஞ்சு மேல வைக்கிறேன், நீங்களா எடுத்துப் பாருங்க. கத்தி, ஊசி, மொளகா இதெல்லாம் கைக்குக் கை குடுத்தா சண்டை வந்துரும். உங்க வீட்டுல சொல்ல மாட்டாங்களா? நமக்குள்ள சண்டை வந்துட்டா அப்புறம் டேப்பை யாரு பிடிக்கிறது.

எங்க வீட்டுக்காரரோடது. மகனுக்கு அனுப்புறேன். நாக்பூர்ல ஒரு கம்பெனியில பெரிய வேலையில இருக்கான். பூபாலன்னு பேரு. ஒரே மகன். இது மூணாவது தடவை அனுப்புறது. ரெண்டு தடவை திரும்பி வந்துருச்சு.

கட்டுனது சரியில்ல. அதுதான் விசயம். நம்ம தப்பை நாமதான் சொல்லணும்.

இந்தக் கவுண்டர்ப் பொண்ணு இருக்கே, அது வேற மாதிரி சொல்லுது. மொதத் தடவை திரும்பி வந்தப்ப, "அம்மா, விலாசம் சரியாத்தான் இருக்கு. அவங்க வாங்க மாட்டேன்னு சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க"ன்னுச்சு. நான் விடுவேனா? "ஏம்மா, உன் வீட்டுக்கு ஒருத்தன் வந்து, ஓரமெல்லாம் கிழிஞ்சு உள்ளருந்து கத்தி எட்டிப் பாக்குற பொட்டலத்தை நீட்டுனா நீ வாங்குவியா? கைக்குழந்தை இருக்குற வீடு அது"ன்னு கேட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிச்சு. நல்ல பொண்ணுதான், பாவம். கல்யாணம் ஆகல போல.

மொதத் தடவை உண்மையிலேயே மோசம் தம்பி. எனக்கு என்ன தெரியும்? ஒரு துண்டுல சுத்தி, துணிப்பையில போட்டுத் தைச்சு அனுப்பிட்டேன். போற வழியில கத்தி வாயைத் திறந்துக்கிச்சு. துண்டை அறுத்து, பையை அறுத்து, திரும்பி வர்றப்ப தபால்காரர் ரெண்டு விரலால தூக்கிட்டு வந்தாரு, செத்த எலியைத் தூக்குற மாதிரி. எனக்கு மானமே போச்சு.

அதுவும் யாரு வீட்டுக் கட்டு? எங்க வீட்டுக்காரர் லாரி பார்சல் ஆபீஸ்ல இருந்தவரு. கிளார்க்கு வேலைன்னுதான் சேந்தாரு, ஆனா சாக்கும் கயிறும் கையில கெடைச்சாப் போதும், சோறு தண்ணி வேணாம் அவருக்கு. தெருவுல யாரு வீட்டுல எது அனுப்புறதா இருந்தாலும் இவருகிட்டத்தான் வரும். கட்டி முடிச்சுட்டுக் காதுக்குப் பக்கத்துல வச்சு ஆட்டிப் பாப்பாரு. உள்ள லேசாக் கடக்குன்னு சத்தம் வந்தாலும் போச்சு, அம்புட்டையும் பிரிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து. "உள்ள சாமான் ஆடக் கூடாது சொர்ணம். ஆடுச்சுன்னா வழியில என்ன வேணாலும் நடக்கும்"பாரு. ஒரு பார்சல் திரும்பி வந்துச்சுன்னா, போன எடத்துக்காரனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. கட்டுனவன் தப்புன்னுருவாரு. அம்புட்டுத்தான். அந்த மனுசன் பொண்டாட்டி துண்டுல சுத்தி அனுப்புறா, பாருங்க.

ரெண்டாவது தடவை நல்லாத்தான் கட்டுனேன். அவரு மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்துச்சு, இரும்புக் கூடு, அதுக்குள்ள பஞ்சு வச்சு, கத்தியை நூலால கட்டிப் படுக்க வச்சு, மேல அட்டைப் பெட்டி. ஆட்டிப் பாத்தேன், சத்தமே இல்ல. அதுவும் திரும்பிருச்சு. வாங்கிப் பாத்தா பெட்டி ஒரு மூலையில நசுங்கியிருந்துச்சு. லேசாத்தான். விரலால தடவுனாத்தான் தெரியும். ஆனா நசுங்குனது நசுங்குனதுதானே? அவன் அவங்கப்பாவை மாதிரி. கட்டு ஒழுங்கா இல்லைன்னா தொட மாட்டான்.

அதான் இந்தத் தடவை குழாய். ஹார்டுவேர்க் கடையில போயி, தண்ணிக் குழாய் ஒரு சாண் அளவு வெட்டிக் குடுங்கன்னேன். எதுக்கும்மான்னான். கத்தி வைக்கன்னேன். அவன் என்னைப் பாத்த பார்வையைப் பாக்கணுமே! ரெண்டு பக்கமும் மூடி போட்டுக் குடுத்தான். லாரி ஏறுனாலும் நசுங்காது இது.

இருங்க, மொதல்ல கத்தி. இந்தா, ஏற்கெனவே துடைச்சுட்டேன். ஈரம் ஒரு பொட்டு இருக்கக் கூடாது, இருந்தா போய்ச் சேர்றதுக்குள்ள துரு ஏறிரும். எண்ணெய் பூசணும். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசுபிசுன்னு ஆயிரும். தையல் மிஷினுக்கு விடுற எண்ணெய்தான் விட்டிருக்கேன். ரப்பர் பேண்டு போடுவாங்க சில பேரு, போடக் கூடாது. வெயில்ல உருகி இரும்புல ஒட்டிக்கிரும். நூல்தான். இப்படி மடக்கி, பிடியோட சேத்து, வாய் திறக்க முடியாத மாதிரி இறுக்கி... இந்த முடிச்சு மேல விரலை வைங்க. வைங்க, கடிக்காது.

அந்த மடிப்புக்கிட்ட வெள்ளையா இருக்குல்ல? நூல் இல்ல, அது முடி. அவரு தாடி முடி. கத்தி முழுக்கத் துடைச்சேன், அந்த எடத்துல மட்டும் துணி படாமப் பாத்துக்கிட்டேன். எண்ணெய் விட்டப்பவும் அந்தப் பக்கம் விடல. இருக்கட்டும், அவன் பாக்கட்டும்.

அவரு போயிட்டாரு தம்பி. இல்ல இல்ல, நீங்க ஏன் மூஞ்சியை அப்படி வச்சுக்கிறீங்க. ஒரு வருசம் ஆகப் போவுது.

பக்கவாதம். வலது பக்கம் மொத்தமா விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. ம்ம்னு ஒரு சத்தம், அப்புறம் 'பூ'ன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். பூன்னா பூபாலு. மகன் பேருல பாதி மட்டும் அவருக்கு மிச்சம் இருந்துச்சு. என் பேருல ஒரு எழுத்துகூட இல்ல. அதுக்கு நான் கோவிச்சுக்கிட்டேன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க.

அந்த மனுசனுக்கு எது போனாலும் பரவாயில்ல, தினமும் காலையில முகம் வழிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தக் கத்தி வச்சிருந்தாரு. பிளேடு ரேசரெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அது முகத்தைச் சொரண்டுதும்பாரு. கை விழுந்ததும் ரெண்டு நாள் தாடியைத் தடவித் தடவிப் பாத்து அழுதாரு. எனக்குப் பொறுக்கல. சலூன்காரரை வரச் சொன்னா அவருக்கு ஒப்பல, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. சரின்னு நானே கத்தியை எடுத்தேன். மொத நாள் தாடையில கிழிச்சுட்டேன். ரத்தம் வருது, நான் ஐயோ ஐயோங்கிறேன், அவரு பாதி வாயால சிரிக்கிறாரு. அப்புறம் பழகிருச்சு. கன்னத்தைக் காட்டுவாரு, நாக்கை உள்ள வச்சுக் கன்னத்தை உப்பிக் காட்டுவாரு, ஒரு பக்கம்தான் உப்பும், மறுபக்கத்தை நானே விரல்ல இழுத்துப் பிடிச்சுக்குவேன். முப்பது வருசத்துக்கு மேல குடித்தனம் பண்ணுனவதான் நான், ஆனா அவரு மொகத்தை அம்புட்டுக் கிட்டத்துல அப்பத்தான் பாத்தேன்.

பூபாலு மாசம் ஒரு தடவை வந்துட்டுப் போவான். அப்பான்னா உசுரு அவனுக்கு. அதை இல்லைங்கல. அப்புறம் மருமக மாசமானா. சுகன்யான்னு பேரு. நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். அவளுக்கு அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்காமப் போயிருச்சு. ரெண்டாவது தடவை நான் நாக்பூர்ல கூடவே இருந்தேன். அந்தப் புள்ளை சுவத்தைப் பாத்துக்கிட்டே கெடந்தது இன்னும் என் கண்ணுல இருக்கு. அதனால மூணாவது நின்னதும் நானே சொல்லிட்டேன், டேய், நீ இங்க வர வேணாம், அவளை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராத, அப்பாவை நான் பாத்துக்கிறேன்னு.

பாத்துக்கிட்டேன்தானே? குறை வச்சேனா?

அவளுக்கு எட்டாம் மாசம் நடக்குறப்ப இவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கம்மான்னாரு. நான் யாருக்கும் சொல்லல.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நீங்களே சொல்லுங்க. பொண்டாட்டி மாசமா இருக்கிறப்ப புருசன்காரன் பொணத்து மொகத்துல முழிக்கலாமா? தலைமுடி எடுக்கலாமா? தலைப்பிள்ளை இவன்தான், ஒரே பிள்ளை. வந்தான்னா மொட்டை போடணும், கொள்ளி வைக்கணும், சுடுகாட்டுக்குப் போகணும். வயித்துல இருக்குற உசுருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிருச்சுன்னா? ரெண்டு ஏற்கெனவே போயிருக்கு. என் கொழுந்தனாரு சொன்னாரு, "மதினி, பெத்த தகப்பனுக்கு அதெல்லாம் பாக்க வேண்டியதில்ல, மத்த சாவுக்குத்தான் அது, அவனுக்குச் சொல்லிருங்க"ன்னு. நான் ஒத்தக் கால்ல நின்னுட்டேன். யாராச்சும் அவனுக்குப் போன் போட்டீங்கன்னா என் பொணத்தையும் சேத்துத் தூக்க வேண்டியிருக்கும்னு சொல்லிட்டேன். என் கோவம் அவங்களுக்குத் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கல.

பூபாலு தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" "தூங்குறாருப்பா." "வீடியோவுல காட்டேன்." "போன்ல என்னமோ கோளாறு, மூஞ்சி வர மாட்டேங்குது." நம்பிருவான். அம்மா சொன்னா நம்பிருவான் தம்பி, சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

இந்த அட்டையைச் சுருட்டிக் குடுங்க. கத்தியைச் சுத்தி வரணும். அதுக்குக் கீழ பட்டர் பேப்பர். பேப்பர்னு சொல்லி நியூஸ் பேப்பர் வைக்கக் கூடாது, ஈரத்தை இழுக்கும். ஆ, இப்படி.

அவருக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல. கண்ணு வாசப்படியிலேயே இருக்கும். பூ, பூங்கிறாரு. சோறு இறங்கல, தண்ணி இறங்கல, முகம் வழிக்கக்கூட விடல, பூ மட்டும் வருது. எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டு இருக்க முடியும்? ஒரு நாள் காலையில சொல்லிட்டேன், "கெளம்பிட்டான். நாக்பூர்ல ரயில் ஏறிட்டான். நீங்க இப்படிச் சாமியாரு மாதிரி தாடியோடயா அவனுக்கு மொகத்தைக் காட்டுவீங்க?"ன்னு. கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. மோவாயைத் தூக்கிக் காட்டுனாரு பாருங்க, அந்தக் கழுத்துல அதுக்குத் தெம்பு எங்கேருந்து வந்துச்சோ. வழிச்சு விட்டேன். அன்னைக்கு ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாரு.

மறுநாள் விஜயவாடா வந்துட்டான்னேன். வழிச்சு விட்டேன். அதுக்கு மறுநாள் கேட்டாரு. கண்ணாலதான். நான் விஜயவாடாவுக்கு அப்புறம் என்ன ஊருன்னு தெரியாம முழிச்சேன். "அங்க மழையாம், வண்டி விஜயவாடாவுலயே நிக்குதாம்"னேன்.

தம்பி, அந்த மனுசன் பார்சல் ஆபீஸ்காரரு. நாக்பூருக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல எந்தெந்த ஊரு, எங்க எத்தனை மணி நேரம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. என்னையே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. வண்டி ஏன் லேட்டுன்னு யோசிக்கிறாருன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அப்புறம் மெதுவாக் கன்னத்தைத் திருப்பிக் காட்டுனாரு. நாக்கை உள்ள வச்சு உப்பிக் காட்டுனாரு. நானும் வழிச்சு விட்டேன். நல்லா வழவழன்னு, ஒரு கீறல் இல்லாம. கடைசியில எனக்குக் கை அம்புட்டு நல்லாப் பழகியிருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் போயிட்டாரு.

நிம்மதியாத்தான் போனாரு. மகன் வந்துக்கிட்டு இருக்கான்கிற நெனப்புலயே போயிட்டாரு. அதுக்கு மேல ஒரு பொண்டாட்டி என்ன பண்ண முடியும், சொல்லுங்க.

கொழுந்தனாரு மகன் தங்கப்பாண்டி கொள்ளி வச்சான். நல்லா அழுதான் அந்தப் பய. ஊரே அழுதுச்சு. சாயங்காலம் எல்லாரும் வீட்டுல உக்காந்திருக்கப்பவே பூபாலு கூப்பிட்டுட்டான். அம்புட்டுப் பேரும் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தாங்க. "அப்பா எப்படிம்மா இருக்காரு?" "தூங்குறாருப்பா."

ஆமா, அப்புறமும் அதேதான். அவளுக்குப் பேறுகாலம் ஆகுற வரைக்கும் தினமும் அதேதான். பாதியில சொன்னா மட்டும் ஆச்சா? அவன் அழுதா அவ அழுவா. நாக்கு கூசலையான்னு கேட்டாங்க சில பேரு. கூசுச்சு. கூசுனா கூசட்டும்னு விட்டுட்டேன். போனை வச்சுட்டு அந்தக் கட்டிலைப் பாப்பேன். சில நாள் எனக்கே, தூங்குறாருன்னு சொல்லிச் சொல்லி, சத்தம் போடாம நடக்கணும்னு தோணும்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க ஒரு வாய். பாட்டில் கைக்குக் கை குடுக்கலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல.

பிள்ளை பொறந்துச்சு தம்பி. பையன். நல்லா ரோஸ் கலர்ல கொழுகொழுன்னு இருக்கானாம். தங்கப்பாண்டி போன்ல போட்டோ வந்துச்சு, எனக்கு வரல. பாத்தீங்களா, பொறந்துச்சா இல்லையா? ரெண்டு தடவை தங்காதது இந்தத் தடவை தங்குச்சா இல்லையா? யாரால?

அன்னைக்குப் பூபாலுக்குத் தலைகால் புரியல. ஆஸ்பத்திரியில இருந்தே கூப்பிடுறான். "அம்மா, பையன்மா! அப்பா முழிச்சிருந்தாலும் சரி தூங்குனாலும் சரி, எழுப்பு, போனை அவரு காதுல வை, நான்தான் சொல்லணும்"னான். நான் என்ன பண்ணுவேன்? போனைக் கொண்டு போயி அந்தக் கட்டில்ல, தலைகாணி மேல வச்சேன். பேசுறான். கத்திக் கத்திப் பேசுறான், இவருக்குக் காது கொஞ்சம் மந்தம்ல. "அப்பா, பேரன் வந்துட்டான்ப்பா. உங்க பேருதான் வைக்கப் போறேன். உங்க மூக்கு அப்படியே. ஒரு மாசம் போகட்டும், தூக்கிட்டு வந்து உங்க மடியில போடுறேன். ஏதாச்சும் சொல்லுங்கப்பா, ஒரு ம் சொல்லுங்க, கேக்கட்டும்"ங்கிறான். தலைகாணி என்னத்தைச் சொல்லும்.

பிள்ளை பொறந்தாச்சு, இனிமே தோசம் இல்லைன்னு போனை எடுத்தேன். எடுத்துச் சொல்லிட்டேன். அப்பாவுக்கு முடியாமப் போச்சுப்பா, சாமிகிட்டப் போயிட்டாரு, அப்பவே போயிட்டாரு, உன் பிள்ளைக்காகத்தான் சொல்லலன்னு. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவான்னு நெனச்சேன். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி சத்தம் மட்டும் கேக்குது. யாரோ யாரையோ கூப்பிடுறாங்க, ஒரு பிள்ளை அழுவுது. எம்பேரன்தானோ என்னமோ.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னான். "அப்பா மொகத்தைக்கூட எனக்கு மிச்சம் வைக்கலியேம்மா."

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல. நான் கூப்பிட்டா ரிங் போகும், எடுக்க மாட்டான். சுகன்யா ஒரு தடவை எடுத்தா. அழுதா. "அத்தை, எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே அனுப்பி வச்சிருப்பேன்"னா. வச்சுட்டா. சின்னப் புள்ளை, அதுக்கென்ன தெரியும்.

மொகத்தை மிச்சம் வைக்கலன்னுட்டான்ல? அது எனக்குள்ள கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. மொகத்தை எங்க போயித் தேடுறது? போட்டோ கேக்கல அவன், போட்டோ அவங்கிட்டயே நெறைய இருக்கு. அப்பத்தான் ஒரு நாள் பீரோவைத் துடைக்கிறப்ப இது கண்ணுல பட்டுச்சு. அந்த மொகத்துல கடைசியாப் பட்டது நானும் இதுவும்தான். என்னைப் பாக்கத்தான் அவனுக்குப் பிடிக்கல, இதையாவது பாக்கட்டும். அவன் கன்னத்துல வச்சுப் பாக்கட்டும். அவங்கப்பா கன்னத்துல பட்ட எடம் அவன் கன்னத்துல படட்டும். பேறுகாலமும் முடிஞ்சாச்சு, இனிமே அவன் தாராளமாச் சவரம் பண்ணலாம், ஒரு குத்தமும் இல்ல.

நேர்ல கொண்டு போக வேண்டியதுதானேன்னு பக்கத்து வீட்டு மும்தாஜ் கேட்டா. எப்படிப் போறது? அவன் வாசல்ல போயி நின்னு, கதவைத் திறந்து பாத்து, மறுபடியும் சாத்திட்டான்னா? பார்சல்னா திரும்பி வரும், மறுபடியும் அனுப்பலாம். நான் திரும்பி வந்தா வந்ததுதான். அதுவும் போக, கத்தியை நேர்ல கொண்டு போனா கையில குடுத்துருவேன். எனக்கு அவனைப் பாத்தா ஞாபகம் இருக்காது.

பேரனுக்கு இவரு பேருதான் வச்சிருக்காங்களாம். எனக்கு ஒரே சிரிப்பு. அவரு பேரை நான் வாயால சொன்னதே இல்ல. பேரனை எப்படிக் கூப்பிடுவேன்? ஏய் இந்தாங்க, இங்க வாங்கன்னுதான் கூப்பிடணும். கூப்பிடுவேன். வந்தாப் போதும், எப்படி வேணாலும் கூப்பிடுவேன்.

சரி, இப்பக் குழாய்க்குள்ள விடுங்க. மெதுவா. இடைவெளி இருக்குல்ல, அதுல இந்தத் துணியைத் திணிங்க. அவரு பனியன்தான். நல்லா இறுக்கித் திணிங்க, பென்சில் வச்சுக் குத்துங்க. மூடி. மேல டேப். ஒரு சுத்து இல்ல, நெறையச் சுத்துங்க. இப்ப ஆட்டிப் பாருங்க. காதுல வச்சுத்தான் ஆட்டணும். கேக்குதா? கேக்கலல்ல? எனக்கும் குடுங்க, நானும் பாக்குறேன்.

ஒண்ணுமே கேக்கல. அவரு கட்டுன மாதிரியே இருக்கு.

இப்பப் பெட்டிக்குள்ள. மேல 'கூர்மையான பொருள்'னு பெருசா எழுதுங்க. அந்த ஊர்க்காரங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல, இங்கிலீஷ்லயும் எழுதிருங்க. கீழ இன்னொண்ணு எழுத முடியுமா? கையில குடுக்காம கீழ வச்சுக் குடுக்கவும்னு. சிரிக்காதீங்க. சரி விடுங்க, எழுத வேணாம்.

நெட் வந்துருச்சு போல. அந்தப் பொண்ணு நிமிந்து உக்காந்துருச்சு பாருங்க. எழுதுங்க, பெறுநர். பூபாலன். இந்தா இந்த அட்டையில இருக்கு விலாசம், பாத்து எழுதுங்க, பின்கோடு தப்பிறக் கூடாது. உங்க கையெழுத்து நல்லா இருக்கு. போன தடவை ரெண்டும் மும்தாஜ்தான் எழுதுனா.

அனுப்புநர்... இருங்க தம்பி. என் பேரை எழுதிறாதீங்க.

உங்க பேரைப் போடுங்க. உங்க விலாசம், உங்க போன் நம்பர். ஏன்னு கேக்காதீங்க. தெரியாத பேரா இருந்தா யாரு என்னன்னு ஒரு யோசனை வரும்ல? வாங்குவான்ல? வாங்கிட்டான்னா பிரிப்பான். பிரிச்சுட்டான்னா அந்தத் துணியை எடுப்பான், எடுத்து மோந்து பாப்பான். அதுக்கப்புறம் தூக்கிப் போட மாட்டான் தம்பி, எனக்குத் தெரியும், நான் பெத்த பிள்ளை. அது வரைக்கும் என் பேரு அவன் கண்ணுல படாம இருந்தாப் போதும்.

போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

போட்டுட்டீங்களா? நல்லா இருப்பீங்க. உங்க கையெழுத்தும் போட்டுருங்க. இனிமே தகவல் வந்தா உங்க போனுக்குத்தான் வரும். திரும்பி வந்துச்சுன்னாலும் உங்க வீட்டுக்குத்தான் வரும். வந்தா நீங்களே வச்சுக்கோங்க. நல்ல இரும்பு, உங்களுக்குப் பிடிச்சா வழிச்சுக்கலாம், இல்லைன்னா எங்கயாவது போட்டுருங்க. எங்கிட்டக் கொண்டு வந்துறாதீங்க.

நான் இந்தப் பக்கம்தான் அடிக்கடி வருவேன். என்னைப் பாத்தா நீங்களா ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத்தான் பொறுக்காது, பார்சல் என்னாச்சு தம்பின்னு நானே கேட்டாலும் கேப்பேன். கேட்டா, வாங்கிட்டாரும்மான்னு சொல்லிருங்க. எது எப்படி ஆயிருந்தாலும், என் மூஞ்சியைப் பாத்து, வாங்கிட்டாருன்னு மட்டும் சொல்லுங்க.